நான்காவது பெயர்

ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் நான்காவதாக அச்சாகும் பெயருக்குப் பதவி உயர்வுக் கணக்கில் மதிப்பு கிடையாது. முதல் மூன்று பெயர்களுக்கு உண்டு. இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் 'கரஸ்பாண்டிங் ஆத்தர்' எந்த வரிசையில் இருந்தாலும் அவருக்கும் உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகள் அப்படித்தான் வகுத்தன. நான்காவதாக இருப்பவர் வார்டு வார்டாகப் போய் நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கியிருக்கலாம். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு எக்ஸெல் தாளில் எண்களை நிரப்பியிருக்கலாம். கட்டுரையின் முதல் வரைவையே அவர் எழுதியிருக்கலாம். பதவி உயர்வுக்கான கோப்பில் அந்தக் கட்டுரை அவருடைய கட்டுரையாக ஏறாது.

அந்த நான்காவது இடத்துக்குப் பெண்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மருத்துவக் கல்லூரிப் பெண் ஆசிரியர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "ஃபைலை இப்பவே ரெடி பண்ணி வெச்சுக்கோங்க மேடம்." "வருஷத்துக்கு ஒரு பப்ளிகேஷனாவது போட்டுடுங்க." "டைம் மேனேஜ்மென்ட்தான் மேடம் முக்கியம்." சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரைக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: மேலே போகாத பெண் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளத் தவறியவள். இதை நான் மறுக்கிறேன். பிளஸ் டூவில் தொடங்கி எம்.டி. வரைக்கும் தேர்வு தேர்வாக எழுதி வென்று வந்தவளுக்கு, தயாராவது எப்படி என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் செய்கிற வேலையில் பெரும்பகுதியை எண்ணாமல் விடுகிற அளவுகோலில்தான் கோளாறு இருக்கிறது. அளவுகோலைத் தொடாமல் அவளை மட்டும் திருத்தப் பார்ப்பது, தராசைப் பொய்யாக வைத்துக்கொண்டு சரக்கைக் குறை சொல்வது போன்றது.

மாணவிகளுக்காக அந்த ஏணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்து, ஓராண்டு சீனியர் ரெசிடென்ட்டாக இருந்தவர் உதவிப் பேராசிரியர் ஆகலாம். அங்கே நான்கு ஆண்டுகளும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் சேர்ந்தால் இணைப் பேராசிரியர். அங்கே மூன்று ஆண்டுகள் இருந்து, மொத்தம் நான்கு கட்டுரைகள் சேர்ந்து, அவற்றில் இரண்டாவது இணைப் பேராசிரியராக இருக்கும்போது வெளிவந்திருந்தால் பேராசிரியர். மெட்லைன், ஸ்கோபஸ் போன்ற பட்டியல்களில் இடம்பெற்ற இதழ்களில் வந்த கட்டுரைகளே செல்லும். இவற்றோடு மருத்துவக் கல்வி பற்றிய அடிப்படைப் பயிற்சி ஒன்று, ஆய்வு முறைகள் பற்றிய அடிப்படைப் பயிற்சி ஒன்று. அரசுக் கல்லூரியில் இதற்கு மேல் பணிமூப்புப் பட்டியலும் காலியிடமும் பார்ப்பார்கள். தனியார் கல்லூரியில் நிர்வாகத்தின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

விதியில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லையே, எல்லோருக்கும் ஒரே விதிதானே என்பார்கள். வயதைக் கூட்டிப் பாருங்கள். 18 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள் பயிற்சி மருத்துவராகவும் இருந்து முடிக்க ஐந்தரை ஆண்டு. நீட் பி.ஜி.க்குப் படிக்க ஓராண்டு. மேற்படிப்பு மூன்று ஆண்டு. சீனியர் ரெசிடென்ட் ஓராண்டு. எங்கும் தடுக்கி விழாமல் வந்தாலும் உதவிப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரும்போது அவளுக்கு வயது 28 தாண்டியிருக்கும். அடுத்த நான்கு ஆண்டுகளை ஆய்வுக்கு ஒதுக்கச் சொல்கிறது விதி. அதே நான்கு ஆண்டுகளைப் பிள்ளைப்பேற்றுக்கு ஒதுக்கச் சொல்கிறது குடும்பம். கூட வேலை பார்க்கும் ஆணுக்கும் அதே வயதில்தான் பிள்ளை பிறக்கிறது. மறுநாள் ஸ்வீட் பாக்ஸோடு துறைக்கு வருகிறார், எல்லோரும் கைகொடுக்கிறார்கள், அவருடைய ஆய்வு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போவதில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருப்பவளுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. தனியார் துறையில் 2017 சட்டத் திருத்தம் கொண்டுவந்த 26 வாரம். போராடிப் பெற்ற உரிமைகள் இவை. குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விடுப்பில் இருக்கும்போது அவளுடைய ஆய்வு என்ன ஆகிறது? நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வாங்கியவள் அவள். படிவத்தை வடிவமைத்தவள் அவள். பாதி நோயாளிகளைச் சேர்த்தவளும் அவள். மீதியை வேறொருவர் சேர்க்கிறார், இன்னொருவர் புள்ளிவிவரம் போடுகிறார். திரும்பி வரும்போது கட்டுரை தயாராக இருக்கிறது. "நீங்க லீவுல இருந்தீங்களே மேடம், அதான் வரிசைய கொஞ்சம் மாத்திட்டோம்." இரண்டாவதாக இருந்த பெயர் நான்காவதாகிவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு இரண்டு கட்டுரை என்ற கணக்கில் ஒன்று காணாமல் போய்விட்டது.

விடுப்பே எடுக்காதவளின் நிலையையும் பார்ப்போம். மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் தீசிஸ் எழுதியாக வேண்டும். கல்லூரியில் பிறக்கும் கட்டுரைகளில் பல அந்தத் தீசிஸ்களிலிருந்து வருகின்றன. மாணவரின் பெயர் முதலில் வருகிறது. அது நியாயம். வழிகாட்டி இரண்டாவது. துறைத் தலைவர் என்ற ஒரே காரணத்துக்காகத் துறைத் தலைவர் மூன்றாவது. தினமும் மாணவரோடு உட்கார்ந்து மாதிரி அளவைக் கணக்கிட்டு, ஆங்கிலத்தைத் திருத்தி, மேற்கோள் பட்டியலைச் சரிசெய்த துணை வழிகாட்டி நான்காவது. யார் வழிகாட்டி, யார் துணை வழிகாட்டி என்பதை எங்கே தீர்மானிக்கிறார்கள்? துறைக் கூட்டத்தில் என்று பதிவேடு சொல்லும். மாநாட்டு இரவு விருந்துகளிலும், சங்கக் கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கும் பேச்சுகளிலும் அது முன்பே முடிவாகியிருக்கும். அந்த நேரத்தில் அவள் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்குத் தெளிவான வரையறை வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ அறிவார்ந்த முறையில் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது என்ற நான்கும் இருந்தால்தான் ஒருவர் ஆசிரியர். துறையைப் பொதுவாக மேற்பார்வை செய்வது மட்டும் போதாது. இந்த வரையறையை ஆய்வு முறைகள் பற்றிய பயிற்சியில் படித்துத் தேர்வும் எழுதிவிட்டு, மறுவாரமே துறைத் தலைவரின் பெயரை மூன்றாவதாகத் தட்டச்சு செய்கிறோம்.

இது கட்டுரையின் கதை. கோப்பில் எந்தப் பக்கத்திலும் ஏறாத வேலைகளின் பட்டியல் இதைவிட நீளம். 2019இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்தது. அதனோடு ஒவ்வொரு மாணவருக்கும் லாக் புக் வந்தது. ஒவ்வொரு திறனையும் பார்த்துக் கையெழுத்திட ஓர் ஆசிரியர் வேண்டும். முதலாண்டு மாணவி விடுதியில் அழுதால் பேச ஒருவர் வேண்டும். "நீங்க பேசினா கேட்பா மேடம்." பெண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளர் வேண்டும். தேசிய ஆணையத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் ஆவணங்களை அடுக்க ஒருவர் வேண்டும். கல்லூரி நாளில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கவும், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை எடுத்துக் கொடுக்கவும், குத்துவிளக்குக்குத் திரி போடவும் எம்.டி. படித்த பெண் ஒருத்தி வேண்டும். அதே மேடையில் ஆய்வு பற்றிச் சிறப்புரை ஆற்றுபவர் வேறு ஒருவர்.

பெண்களுக்கு இதெல்லாம் பிடிக்கும், அவர்களாகவே முன்வருகிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. லிண்டா பாப்காக்கும் அவருடைய மூன்று பெண் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. குழுவில் யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். ஆனால் செய்பவருக்கு லாபம் குறைவு. அப்படி ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள், அவர்களிடமே அதிகம் கேட்கப்பட்டது, அவர்களே அதிகம் சம்மதித்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்கள் தயங்காமல் முன்வந்தார்கள். பெண்கள் மட்டுமே இருந்த குழுவுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பெண் ஒருத்தி அறையில் இருந்தால் அவள் செய்துவிடுவாள் என்று இரு தரப்பும் எதிர்பார்க்கின்றன. பிடித்தம் என்று நாம் பெயர் வைத்திருப்பது இந்த எதிர்பார்ப்புக்குத்தான்.

இதில் கொடுமையான ஒரு முரண் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. சரியான சட்டம், நமக்குத் தேவையான சட்டம். ஆனால் மூத்த பெண்கள் குறைவாக இருக்கும் கல்லூரியில் அந்த ஒன்றிரண்டு பேரே எல்லாக் குழுவிலும் உட்கார வேண்டியிருக்கிறது. சாட்சிகளை விசாரித்து, மிரட்டல்களைத் தாங்கி, அறிக்கை எழுதி, சக ஆசிரியர்களின் பகையையும் சம்பாதித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். ஒரு விசாரணை அறிக்கை ஓர் ஆய்வுக் கட்டுரையை விட நீளமாக இருக்கும். பதவி உயர்வுக் கணக்கில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. மூத்த பெண்கள் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அந்த வேலையைச் செய்கிற பெண் மூத்தவளாவதை அளவுகோல் தாமதப்படுத்துகிறது.

இனி 'தகுதி' என்ற வாதத்துக்கு வருவோம். எண்ணிக்கையை விடுங்கள், தரத்தைப் பாருங்கள், தரம் இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்பார்கள். தரத்தை யார் எப்படி அளக்கிறார்கள் என்று இரண்டு பெண்கள் சோதித்தார்கள். ஸ்வீடனின் கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் இருவரும் அந்நாட்டு மருத்துவ ஆய்வு மன்றம் 1995இல் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைக் கேட்டார்கள். மன்றம் தர மறுத்தது. நீதிமன்றம் போய் வாங்கினார்கள். 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்களுடைய கணக்கு சொன்னது இது: ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறமை மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது. பாலினச் சமத்துவத்துக்குப் பெயர்போன நாட்டில் நடந்தது இது.

அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. அங்கே 'டென்யூர்' என்ற நிரந்தரப் பதவிக்குக் காலக்கெடு உண்டு. சோதனைக் காலம் ஏழு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று அங்குள்ள பேராசிரியர் சங்கத்தின் 1940 அறிக்கை வகுத்தது. நம் அரசுப் பணியில் நிரந்தரம் முன்பே கிடைத்துவிடுகிறது. நம் போராட்டம் முழுவதும் பதவி உயர்வில்தான். ஏற்பாடு வேறானாலும் முடிவைப் பாருங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பணிபுரியும் 91,073 மருத்துவர்களை ஆராய்ந்து 2015இல் 'ஜாமா' இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்களில் 28.6 விழுக்காட்டினர் முழுப் பேராசிரியர்கள், பெண்களில் 11.9 விழுக்காட்டினர். வயது, அனுபவம், துறை, கட்டுரைகளின் எண்ணிக்கை, ஆய்வு நிதி எல்லாவற்றையும் சமப்படுத்திக் கணக்கிட்ட பிறகும் இடைவெளி மறையவில்லை. 1979 முதல் 2013 வரை பட்டம் பெற்றவர்களைப் பின்தொடர்ந்து 2020இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட இன்னோர் ஆய்வு, அந்த 35 ஆண்டுகளில் இடைவெளி குறையவே இல்லை என்றது. காலம் போகப் போகத் தானாகச் சரியாகிவிடும், கல்லூரியில் பெண்கள் நிறைந்தால் மேலேயும் நிறைவார்கள் என்று நமக்குச் சொல்லப்படும் ஆறுதலுக்கு இதுதான் பதில். சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1875இல். 150 ஆண்டுகள் காத்திருந்தாயிற்று.

"அவங்களே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க." அரசுக் கல்லூரிகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. பதவி உயர்வோடு பெரும்பாலும் இடமாற்றமும் வருகிறது. காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். மதுரையில் இருப்பவளுக்குத் தருமபுரியில் இடம் என்றால், பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் மாமியாரின் டயாலிசிஸையும் யார் பார்ப்பது? கணவருக்கு அதே ஆணை வந்தால் அது குடும்பத்துக்குப் பெருமை; பெட்டியை அவளே அடுக்கிக் கொடுப்பாள். அவளுக்கு வந்தால் அது பிரச்சினை. 'வேண்டாம்' என்ற கடிதத்தில் கையெழுத்து அவளுடையதுதான். ஆனால் அந்த முடிவை வீடு முழுவதும் சேர்ந்து எடுத்தது. நிர்வாகம் அந்தக் கடிதத்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு, பெண்களுக்குப் பொறுப்பேற்க விருப்பமில்லை என்று முடிவு கட்டுகிறது.

விதிகளைத் தொட முடியாது, அவை டெல்லியிலிருந்து வருகின்றன என்று நம்மில் பலரே நம்புகிறோம். 2025இல் மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை பெருகி ஆசிரியர் போதவில்லை என்றானதும் விதி எவ்வளவு சுலபமாக வளைந்தது என்று பாருங்கள். 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனைகளில் பத்தாண்டு பணியாற்றிய சிறப்பு மருத்துவர்கள் இணைப் பேராசிரியர் ஆக அந்த ஆண்டின் புதிய விதிகள் வழி திறந்தன. நோயாளியின் படுக்கையருகே கழித்த பத்தாண்டுகள் ஆசிரியத் தகுதிக்கு ஈடாகும் என்று ஆணையமே ஒப்புக்கொண்டுவிட்டது. நல்லது. அப்படியானால் லாக் புக் கையெழுத்துகளும், விடுதிப் பொறுப்பும், புகார்க் குழு விசாரணைகளும் ஏன் எண்ணப்படக் கூடாது? அதே 2025 ஏப்ரலில், தகுதிகாண் பருவத்தில் எடுக்கும் மகப்பேறு விடுப்பும் அந்தப் பருவத்தில் சேர்த்துக் கணக்கிடப்படும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். பிள்ளை பெற்றதற்காகப் பணிமூப்பை இழந்த எத்தனையோ பெண்களுக்கு அந்த ஒரு பத்தி பல ஆண்டுகள் தாமதமாக வந்தது. விதியை எழுதிய கை அதை மாற்றவும் முடியும்.

ஆனால் எல்லா மாற்றமும் நமக்கு நன்மை என்று நம்பிவிடவும் கூடாது. பிள்ளை பெற்ற ஆசிரியர்களுக்கு டென்யூர் கெடுவை ஓராண்டு நீட்டிக்கும் சலுகையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தாய்க்கும் தந்தைக்கும் ஒரே மாதிரி தந்தன. அங்குள்ள முன்னணிப் பொருளியல் துறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் சலுகை வந்த பிறகு ஆண்கள் அதே பல்கலைக்கழகத்தில் டென்யூர் பெறும் வாய்ப்பு கூடியது, பெண்களுக்குக் குறைந்தது என்று காட்டியது. தந்தையர் அந்த ஓராண்டில் கூடுதலாகக் கட்டுரை எழுதினார்கள். தாய்மார் பால் கொடுத்தார்கள். வீட்டு வேலையைப் பங்கு போடாமல் விடுப்பை மட்டும் சமமாகப் பங்கு போட்டால் இதுதான் நடக்கும்.

நம் பக்கத்தையும் பார்த்துப் பேச வேண்டும். 'பெண் ஆசிரியர்' என்று ஒரே சொல்லில் எல்லோரையும் கட்டிவிட முடியாது. டீன் நாற்காலி வரை போன பெண்களில் பலருக்கு வீட்டில் சமைக்க ஆள் இருந்தது. அந்த ஆளும் ஒரு பெண். முதல் தலைமுறையாகப் படித்து, குடும்பத்தின் கடனை அடைத்துக்கொண்டே வேலை பார்க்கும் தலித் பெண்ணுக்கு மாநாட்டுக் கட்டணமும் இதழ்கள் கேட்கும் வெளியீட்டுக் கட்டணமும் எங்கிருந்து வரும்? அவளுக்காகத் துறைத் தலைவரிடம் சிபாரிசாக ஒரு வார்த்தை சொல்ல எந்த மாமா இருக்கிறார்? இரத்த மாதிரி எடுத்த செவிலியரும், இரவெல்லாம் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட ஆய்வகத் தொழில்நுட்பரும், வீடு வீடாகப் போன கிராமச் சுகாதாரச் செவிலியரும் நான்காவது பெயராகக்கூட வருவதில்லை. அவர்களுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி. பல நேரம் பெயர் சொல்லாமல். நான்காவது பெயருக்காகப் போராடும் நாம் ஐந்தாவது, ஆறாவது பெயர்களை மறந்தால், நம்மை மறந்தவர்களோடு நமக்கு என்ன சண்டை?

என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்கும்போதே யார் என்ன செய்யப் போகிறார், பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். விடுப்பைக் காரணம் காட்டி அதை மாற்றக் கூடாது. தீசிஸ் வழிகாட்டுதல் சுழற்சி முறையில் வர வேண்டும். பாடம் நடத்துவதும், மாணவர் நலப் பணியும், சட்டப்படியான குழுக்களில் ஆற்றும் வேலையும் பதவி உயர்வில் மதிப்பெண் பெற வேண்டும். மதிப்பெண் தர முடியாது என்றால் அந்த வேலைகளை ஆண்களுக்கும் சரிபாதி பிரித்துத் தர வேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னதை, நூற்றுக்கணக்கானோர் வேலை பார்க்கும் மருத்துவமனைகள் இரவு டியூட்டிக்கும் சேர்த்து நிறைவேற்ற வேண்டும். எந்தப் பதவியில் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்டுகளில் உயர்ந்தார்கள், எத்தனை பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெளியிடாத அரசுக் கல்லூரிகளிடம் கேட்க நம்மிடம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஸ்வீடன் பெண்கள் நீதிமன்றம் போய் வாங்கிய தகவலை நாம் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டுத் தொடங்கலாம்.

இதெல்லாம் வரும்வரை என்ன செய்வது என்று இளம் ஆசிரியர்கள் கேட்பீர்கள். கோப்பைத் தயார் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தயார் செய்யுங்கள், தனியாகச் செய்யாதீர்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணப்படாத வேலைகளை முக்கியமாக எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறையின் மற்ற பெண்களோடு அந்த நோட்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒருத்தியின் நோட்டில் அது புலம்பல். எட்டுப் பேரின் நோட்டில் அது ஆதாரம். தொகுத்து வழங்க உங்களைக் கேட்டால், போன வருடம் யார் செய்தார் என்று கேளுங்கள். நீங்கள் மறுத்த வேலை பக்கத்து அறையில் இருக்கும் ஜூனியர் பெண்ணின் தலையில் விழும் என்பதால், மறுப்பதையும் பேசி வைத்துக்கொண்டு சேர்ந்தே மறுங்கள்.

மேலே போய்விட்ட பெண்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் துறைத் தலைவராக உட்கார்ந்த பிறகு வரும் முதல் கட்டுரையில், எதுவும் செய்யாமல் உங்கள் பெயர் மூன்றாவதாக வந்திருக்கும். வழக்கம் என்பார்கள். நீங்களும் அந்த வழக்கத்தால் இழந்தவர்தான். இப்போது வசூலிக்கும் முறை உங்களுக்கு வந்திருக்கிறது. அந்த வரிசையில் உங்கள் பெயரை அடித்துவிட்டு, நான்காவதாக இருப்பவளின் பெயரை ஓரிடம் மேலே ஏற்றுங்கள். அதற்கு எந்த ஆணையத்தின் அனுமதியும் வேண்டாம்.